சலவைக்கு வந்த ஆட்டம்

டோரீன் ஆக்ராய்ட் ஆட்டம் பார்ப்பதில்லை.
சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பின்வாசலில்
ஒரு கூடை வரும்.
அவளுக்கு அதுதான் ஆட்டம்.

பிப்ரவரி, எழுபத்திரண்டு.
சுரங்கங்களில் வேலைநிறுத்தம்.
மைதானத்து விளக்குகளுக்கு மின்சாரம் கிடையாது என்பதால்
சாப்பிட்டது செரிக்கும் முன்பே தொடங்கியிருந்தார்கள்.
ஹோல்ம்ஷா டவுன், நான்காம் டிவிஷன்,
அடியிலிருந்து மூன்றாவது.
எதிர்த்து வந்தவர்கள் அடியிலிருந்து இரண்டாவது.

"எத்தனை?" என்றாள்.
கூடையை இறக்கிய கிளிஃபோர்ட்
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் வட்டமாக வளைத்தான்.
மற்றக் கையிலும் ஒன்று.
இரண்டையும் கண்ணுக்குக் கொண்டுபோய்
கண்ணாடி போட்டவன் மாதிரி அவளைப் பார்த்தான்.
சிரிக்கத்தான் நினைத்தான்,
குளிரில் பல் கிட்டிவிட்டது.

ஆறிலிருந்து ஒன்பது வரை இந்தத் தெருவின் முறை.
தவணை இன்னும் முடியாத வாஷிங் மெஷின்
வெறும் மேசையாக நின்றது,
தலையில் ஒரு மெழுகுவர்த்தி.
கேஸ் அடுப்பில் நான்கு தவலை கொதிக்கவைத்துக்
கல்தொட்டியில் ஊற்றினாள்.
முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டாள்.

மஞ்சள் சட்டைகள். காலையில் மஞ்சள்.

இரண்டாம் எண்: இடப்பக்கம் மட்டும் சேறு.
நாள் முழுக்க ஒரே ஆளோடு
ஒரே பக்கம் சரிந்திருக்கிறான்.
நான்கு: முதுகில் ஐந்து விரல், தெளிவாக,
போலீஸில் கொடுக்கலாம்.
ஒன்பது, கோல் போடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன்:
கழுத்துப்பட்டையில் தலைக்கிரீம்,
மற்றபடி கடைக்குப் போய்வந்த சட்டை.
கோல்கீப்பரின் பச்சை ஜெர்சியில்
சிகரெட் நாற்றம்.
கம்பிக்குப் பின்னால் நின்றவர் யாரோ
அவனுக்கும் இரண்டு இழுப்பு கொடுத்திருக்கிறார்.

ஐந்தாம் எண்ணில் அவள் கை நின்றது.
தோளில் வெள்ளை பெயிண்ட்.
கோல் கம்பத்தின் பெயிண்ட்.
எந்தக் கம்பம்?
காக்கப் போய் மோதினானா,
அடிக்கப் போய் மோதினானா?
மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்,
முகர்ந்தும் பார்த்தாள்.
பெயிண்ட் எந்தக் கட்சியும் சேரவில்லை.
மாலைப் பத்திரிகையில் மூன்று வரி வந்திருக்கும்,
சேறு, காற்று, வந்தவர்கள் எண்ணிக்கை.
இந்தத் தோள் அதில் இருக்காது.

தொட்டி அடைத்துக்கொண்டது.

பூஜ்யம் என்றால் வணங்கத்தக்கது என்றும்
நம் மொழியில் ஒரு பொருள் உண்டு.
டோரீனுக்கு அது தெரிய வழியில்லை.
அவள் மண்டியிட்டது குழாய் அடைப்பை எடுக்க.
கை நிறையப் புல்லும் ஒரு பிளாஸ்திரியும் வந்தன.
மைதானம் முழுவதும்
சுழித்துக்கொண்டு இறங்கியது.

ஒரு சுழி இது.
இன்னொன்று அந்நேரம் பஸ்ஸின் பின்சீட்டில்
சிவப்புச் சட்டைகளாகச் சுருண்டு
மலைக்கு அந்தப்புறம் போய்க்கொண்டிருந்தது,
வேறொருத்தியின் தொட்டிக்கு.
அவள் தெருவுக்கு எத்தனை மணி முறையோ.

கடைசியில் பன்னிரண்டு.
போன வாரம் இவள் போட்ட இஸ்திரி மடிப்பு
அப்படியே இருக்கிறது.
மாற்று ஆட்டக்காரன். பதினெட்டு வயது இருக்கலாம்.
பேர் கெவினோ, கீத்தோ.
தொண்ணூறு நிமிடம் பெஞ்சில்,
யாராவது விழமாட்டார்களா என்று.
அக்குளில் மட்டும் வேர்வை.
உட்கார்ந்தே இருந்தவனுக்கு அவ்வளவு வேர்வை.

உருப்படிக்குப் புதுக்காசில் மூன்று பென்ஸ்.
துவைக்காமலே கணக்கில் சேர்க்கலாம்,
யாருக்குத் தெரியும்.
முக்கினாள்.
தண்ணீர் நிறம் மாறவில்லை.
இருந்தாலும் இரண்டுமுறை அலசினாள்.

ஒன்பதாக இரண்டு நிமிடம் இருக்கையில்
விளக்கு வந்தது.
தெரு முழுக்க ஓவென்று ஒரு கூச்சல்,
ஜன்னல் ஜன்னலாக, சுவர் அதிர,
யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள்.

டோரீன் ஈரக்கையோடு
மெழுகுவர்த்தியை ஊதினாள்.
ஐந்தாம் எண்ணைத் திரும்ப எடுத்து
வெளிச்சத்தில் விரித்தாள்.
டர்பன்டைன் வாங்க வேண்டும், திங்கட்கிழமை.